மாமாவின் வேனில் ஏறாத பானை

ஐயா,

நேற்று உன் மாமா வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனேன். போய்விட்டு வந்ததிலிருந்து நீயும் ஃபோன் மேல் ஃபோன் போட்டு, "என்னம்மா ஆச்சு, மாமா வருவாரா மாட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். நானும் அடுப்பில் பால் பொங்குகிறது, வாசலில் ஆள் நிற்கிறது என்று ஏதாவது சொல்லி வைத்துவிடுகிறேன். பாலும் பொங்கவில்லை, ஆளும் நிற்கவில்லை. ஃபோனில் பேசினால் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சிம்பாங் ரெங்கம் கடையில் உன் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து பொறுமையாகப் படி. நம் வீட்டுக்கு வரப்போகிற பெண்ணும் படிக்கட்டும். எப்படிப்பட்ட பிள்ளையைக் கட்டிக்கொள்கிறோம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். எப்படிப்பட்ட மாமியாரிடம் வந்து மாட்டிக்கொள்கிறோம் என்பதும் தெரிந்துவிட்டால் பின்னால் பேச்சு வராது.

நீ சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்து, "அம்மா, நான் பானை விக்கப் போறேன்" என்று சொன்னபோது எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. ஜொகூர் பாருவிலிருந்து விடியுமுன் பாலம் தாண்டிப் போய், குளிர்ந்த ஆபீஸில் உட்கார்ந்து சம்பாதித்தவன், பொங்கல் பானையையும் குத்துவிளக்கையும் இணையத்தில் விற்கப் போகிறானாம். "அலமாக்! பக்கத்து வீட்டுக்காரி கேட்டா நான் என்னடா சொல்றது?" என்று கத்தினேன். நீ அசரவே இல்லை. "பானை விக்கிறான்னே சொல்லுங்கம்மா. அவங்களுக்கும் ஒண்ணு வித்துடுவோம்" என்றாய். சொன்ன மாதிரியே விற்றும் விட்டாய். அந்த மனுஷி இன்றைக்கும் என்னைப் பார்த்தால் பானை நல்ல பானை என்கிறாள். ஆனால் நீ யாரை மனதில் வைத்து அதைத் தொடங்கினாய் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. பாலோ ஊரில் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் இருக்கிற உன் பெரியம்மா, ஒவ்வொரு வருஷமும் ஒரு மண்பானைக்காகக் குளுவாங் வரைக்கும் பஸ் பிடித்துப் போய், அதை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வருவாள். அவளைப் போலத் தோட்டத்தில் மிச்சமிருக்கிறவர்களுக்குப் பானை வீடு தேடி வரட்டும் என்று நினைத்தாய். உன்னைத் திட்டிய வாயால்தான் இதைச் சொல்கிறேன், அது நல்ல நினைப்பு.

பானை வாங்குவது ஒரு பெரிய காரியமாக இருக்கவில்லை. அதை யார் கையில் கொடுத்து அனுப்புவது என்பதில்தான் நம் வீட்டில் நெருப்புப் பற்றியது. பற்றவைத்தது நான். உன் மாமா பார்சல் கொண்டுபோகிற அந்த ஊதா வேன் கம்பெனியின் ஜொகூர் பாரு கிடங்குக்கு மேனேஜர். நீ கடை தொடங்குகிறாய் என்று கேள்விப்பட்டதுமே, கோயில் திருவிழாப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, நம்ம புள்ள சாமான் எல்லாம் நம்ம கம்பெனிலதானே? நான் நல்ல விலை போட்டுத் தரேன்லா" என்றான். நானும் ஒரு வாய் சாம்பார் சாதத்தை விழுங்கிவிட்டு, "பின்ன என்ன, உன்னை விட்டா வேற யாரு?" என்று சொல்லிவிட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. உன் அப்பா போன பிறகு உன் பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றவன் அவன். உனக்கு முதல் கம்ப்யூட்டர் வாங்கித் தந்தவன் அவன். அவன் கம்பெனி இருக்க, இன்னொரு கம்பெனியைப் பற்றி யோசிப்பதே பாவம் என்று நினைத்தேன். அவன் கிடங்கில் இருக்கிற மற்றவர்களிடமெல்லாம் போய், "என் மருமவன் பிசினஸ் நமக்குத்தான் வருது" என்று அவன் பெருமையடித்ததும் எனக்குத் தெரியும்.

நீயோ வாயைத் திறந்து மறுக்கவும் இல்லை, சரி என்று தலையாட்டவும் இல்லை. ஒரே மாதிரியான பானைகளாகப் பார்த்து எடுத்தாய். உள்ளே கிழித்த பேப்பரைத் திணித்தாய், வெளியே பபிள் ரேப் சுற்றினாய், பெட்டிக்குள் பெட்டி வைத்தாய். ஒன்றை ஊதா வேனில், ஒன்றைப் பச்சை வேனில், ஒன்றை மஞ்சள் வேனில், எல்லாவற்றையும் ஒரே நாளில் பெரியம்மாவுக்கு அனுப்பினாய். அவள் என்னை ஃபோனில் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, உன் மகனுக்கு என்ன ஆச்சு? ஒத்த ஆளு நான், எனக்கு எதுக்குடி மூணு பானை? நான் என்ன ஊருக்கேவா பொங்கல் வைக்கப் போறேன்?" என்று கேட்டாள். மஞ்சள் வேன் பெட்டியைத் தூக்கி ஆட்டினாலே கிலுகிலுப்பை மாதிரி சத்தம் கேட்டதாம். அதைத் திறக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். பச்சை வேன் டிரைவர் வழியிலிருந்தே ஃபோன் போட்டு, "மக்சிக், ரூமா மானா?" என்று வீட்டுக்கு வழி கேட்டிருக்கிறான். கோயிலுக்குப் பின்னால், ரம்புத்தான் மரம் நிற்கிற வீடு என்று இவள் தனக்குத் தெரிந்த மலாயில் சொல்ல, அவனும் வந்து பெட்டியைக் கையிலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

ஊதா வேன்தான் எல்லோருக்கும் முந்தி வந்தது. மறுநாளே வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, என் தம்பி கம்பெனி! இன்னும் என்னடா யோசனை?" என்று குதித்தேன். நீ ஃபோனை என் முன்னால் வைத்துக் காட்டினாய். பார்சல் சேர்ந்துவிட்டது என்று அதில் போட்டிருந்தது. "சேந்துச்சும்மா. ஆனா பெரியம்மாகிட்ட சேரல" என்றாய். தோட்டத்து நுழைவாயிலில் காவலுக்கு இருக்கிற ஜாகாவின் குடிசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சேர்ந்தது என்று செய்தி வந்தது உன் ஃபோனுக்கு, பெரியம்மாவின் ஃபோனுக்கு அல்ல. மற்ற இரண்டு பெட்டிகளும் வந்த பிறகு, யாரோ சொல்லி, அவள் அந்த வெயிலில் நடந்துபோய்த் தூக்கிக்கொண்டு வந்தாள். பானையில் ஒரு கீறல் இல்லை, ஆனால் முதலில் வந்த பானை கடைசியாகத்தான் அவள் கைக்கு வந்தது. நான் அப்போதும் விடவில்லை. "ஒரு தடவ நடந்தத வச்சு ஒரு கம்பெனியையே குத்தம் சொல்லுவியா?" என்றேன். "நீங்க சொல்றது சரிதான்மா" என்று சொல்லிவிட்டு, வேறு வேறு தோட்டங்களில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் மறுபடி அனுப்பினாய். நான் உன்னை மடக்கக் கேட்ட கேள்வியை நீ வேலையாக எடுத்துக்கொண்டாய். அப்போதும் கதை அதேதான். ஊதா வேன் ஊருக்குள் மின்னல், தோட்டத்துக்கு ஜாகா வீட்டோடு சரி.

பிறகு இன்னொரு கணக்குப் போட்டாய். ஜொகூர் பாருவிலிருந்து போனால் பானை இரண்டு கிடங்குகளில் இறங்கி ஏற வேண்டும். சிம்பாங் ரெங்கத்தில் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் கடை எடுத்தால் பச்சை வேன்காரர்களின் ஒரே கிடங்கோடு முடிந்துவிடும் என்றாய். "எத்தன கை மாறுதோ அத்தன தடவ உடையப் பாக்கும்மா" என்றாய். அதற்காக வீட்டை விட்டே கிளம்பப் போகிறாய் என்று தெரிந்ததும் நான் அழுதேன். பச்சை வேனுக்குச் செலவும் கொஞ்சம் கூட. ஒரு மண்பானைக்காகப் பெற்ற அம்மாவை விட்டுப் போவாயா என்று கேட்டேன். அது அநியாயமான கேள்விதான். நீ போய் எனக்கு நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் ஒன்று வாங்கி வந்து வைத்தாய்.

சரி, ஆனது ஆகட்டும், மாமா முகமும் வாடக்கூடாது என்று நான் ஒரு வழி சொன்னேன். "பாதி மாமாவுக்குக் குடு, பாதி பச்ச வேனுக்குக் குடு. ரெண்டு பேருக்கும் நல்லவனா இருந்துட்டுப் போ" என்றேன். நம் ஆட்கள் கல்யாணச் சாப்பாட்டுக்கு ஆள் வைப்பதிலிருந்து கோயில் கமிட்டி வரைக்கும் அப்படித்தானே சமாளிக்கிறோம். நீ சிரித்துவிட்டாய். "பாதிப் பானை பெரியம்மா வீட்டுக்கு, பாதிப் பானை ஜாகா வீட்டுக்காம்மா?" என்று கேட்டாய். அப்படியானால் மாமாவிடம் வேறு மாதிரி சொல்லிவிடலாம் என்றேன். எந்த வேனில் போவது என்று சிஸ்டமே முடிவு செய்துவிடுகிறது, உன் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லச் சொன்னேன். மாமாவுக்கும் மரியாதை, உனக்கும் வேலை நடக்கும். மாமா வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் காரில் உனக்கு அதைப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே வந்தேன். நீ ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தாய்.

அங்கே போய் நீ பேசியதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. உட்கார்ந்ததும் சுற்றி வளைக்காமல், "மாமா, பானைய நான் பச்ச வேன்லதான் அனுப்பப் போறேன். வேற யார் மூலமாவும் உங்க காதுக்கு வரக்கூடாது. அதான் நானே வந்தேன்" என்றாய். மாமாவின் முகம் கறுத்தது. அவனும் நியாயத்தைத்தான் பேசினான். "ஒரு டிரைவர் தலையில எவ்வளவு பார்சல் ஏத்துறோம் தெரியுமாடா? தோட்டத்துக்குள்ள பூந்தா அவன் எப்ப வெளிய வர்றது?" என்றான். "தெரியும் மாமா. உங்க டிரைவர் மேல தப்பே இல்ல. டவுனுக்குள்ள போற சாமானா இருந்தா நான் உங்ககிட்டதான் வருவேன், நீங்க எனக்கு மாமாங்கிறதுக்காக இல்ல, உங்கள மாதிரி சீக்கிரம் யாரும் போறதில்ல. ஆனா என்கிட்ட பானை வாங்குறவங்க தோட்டத்துலதான் இருக்காங்க" என்றாய். நீ உயர்வாகச் சொன்னது அவன் காதில் ஏறவே இல்லை. தேத்தண்ணீர்க் கோப்பையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தான். "கெடங்குல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். என் மூஞ்சில கரியப் பூசிட்டல்ல? நாளைக்கு உன் கல்யாணத்துக்கும் அந்தப் பச்ச வேன்காரனையே வந்து மாலை போடச் சொல்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

தாய்மாமன் மாலை போட்டு அழைத்து வராத மாப்பிள்ளை மணமேடை ஏறினால் ஊர் என்ன பேசும் என்று உனக்குத் தெரியாமல் இல்லை. அப்பாவும் இல்லாத பிள்ளை நீ. உள்ளே திரும்பிப் பார்த்து, "மாமா, வேன் பானைக்குத்தான். மாலைக்கு நீங்கதான்" என்று மட்டும் சொன்னாய். வீடு வந்து சேரும்வரை நான் உன்னைத் திட்டித் தீர்த்தேன். நன்றி கெட்டவன் என்றுகூடச் சொன்னேன். ஆனால் இறங்கும்போது உன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன், ஐயா. உனக்கு அவன்மேல் எவ்வளவு பாசம் என்று எனக்குத் தெரியும். பாசம் இல்லாதவனாக இருந்தால் சிஸ்டம் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்திருப்பாய்.

பொங்கலுக்கு முந்தின வாரம் உனக்கு ஒத்தாசைக்கு வந்தேன் அல்லவா, அப்போதுதான் உன் வேலையைக் கண்ணால் பார்த்தேன். பானை கேட்ட ஒவ்வொருவருக்கும் ஃபோன் போட்டு, "உங்க வீட்டுக்கு வழி எப்படிம்மா, பக்கத்துல என்ன இருக்கு?" என்று கேட்டு, அதை மலாயில் எழுதிப் பெட்டிமேல் ஒட்டினாய். மாட்டுக்கொட்டகையைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, நீலக் கதவு என்றெல்லாம் எழுதியிருந்தது. பச்சை வேன் பையன் அதை வாசித்துச் சிரித்துவிட்டு, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். நான் செய்தித்தாளைக் கிழித்துக் கிழித்து விரலெல்லாம் மை. போகி அன்று மத்தியானம் பாலோவைத் தாண்டி ஒரு தோட்டத்திலிருந்து ஓர் அம்மா அழுதுகொண்டே பேசினாள். "தம்பி, பானை வாய் உடைஞ்சு வந்திருக்குப்பா. விடிஞ்சா பொங்கல்" என்றாள். பச்சை வேனிலும் உடைந்துவிட்டது! எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம் எழுந்ததை மறைக்க மாட்டேன். நீயோ இன்னொரு பானையை எடுத்துக் கார் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் போட்டுவிட்டாய். எனக்குக்கூட ஒரு நாளும் நீ பெல்ட் போட்டுவிட்டதில்லை. "வேன்காரன் ஒடச்சதுக்கு இந்த மழையில நீ ஏன்டா போற?" என்று கேட்டேன். "அவங்க என்கிட்டதான்மா வாங்குனாங்க. வேன்காரன்கிட்டயா வாங்குனாங்க?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாய். சேறும் சகதியுமாகத் திரும்பி வந்து, அந்த அம்மா கொடுத்தனுப்பிய வாழைத்தாரை என் முன்னால் இறக்கினாய். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உன் மாமாவைவிடப் பச்சை வேன்காரன் உனக்கு உசத்தி இல்லை. உனக்கு உசத்தி அந்த அம்மாதான். அவளுக்காக நீ யாரிடமும் கெட்ட பேர் வாங்கத் தயார். நான் பெற்ற பிள்ளைக்கு இப்படி ஒரு நெஞ்சு எங்கிருந்து வந்தது என்று அன்று முழுக்க யோசித்தேன்.

இனி நேற்றைய கதைக்கு வருகிறேன். வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். "வாக்கா" என்றான். அந்த ஒரு வார்த்தைக்குமேல் ஒன்றும் இல்லை. உன் அத்தை தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டு உள்ளே போனாள். தட்டை அவன் பக்கம் நீட்டினேன். அவன் கையை நீட்டவில்லை. "பையன் எங்க கம்பெனிக்கு மாத்திட்டானா?" என்று கேட்டான். மாற்றிவிடுவான், கல்யாணம் முடியட்டும் என்று சொல்ல என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் தட்டு அந்த நிமிஷமே கை மாறியிருக்கும். உன் முகம் கண்முன் வந்தது. "இல்லடா. மாத்தல. மாத்துறதும் மாத்தாததும் அவன் இஷ்டம். நான் யார் அதுல வாக்குக் குடுக்க?" என்றேன். தட்டைக் கீழே வைக்கவும் மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். என் பிள்ளையின் கல்யாணம் என் வாயாலேயே கெட்டது என்று நினைத்தேன்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எனக்குப் பிசினஸ் போனது பெருசு இல்லக்கா. அன்னைக்கு அவன் ஒரு பொய்யச் சொல்லியிருக்கலாம்ல? சிஸ்டம், அது இதுன்னு ஏதாச்சும் சொல்லியிருந்தா நானும் நம்பிட்டு சந்தோஷமா இருந்திருப்பேன். நேரா வந்து மூஞ்சிக்கு முன்னால சொன்னான் பாரு, அதான் எனக்குத் தாங்கல."

நான் என்ன செய்ய? உண்மை வெளியே வந்துவிட்டது. "அதே பொய்யத்தான்டா நான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தேன். சிஸ்டம்னு சொல்லுடா, சிஸ்டம்னு சொல்லுடான்னு கார்ல வர்ற வழியெல்லாம் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்றேன்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "நீ சொல்லிக் குடுத்துமா அவன் சொல்லல?"

"சொல்லல."

திடீரென்று சிரித்தான் பார், உன் அத்தை என்னமோ ஏதோவென்று உள்ளேயிருந்து ஓடிவந்தாள். சிரிக்கச் சிரிக்க அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டான்.

"அப்ப அவன் உன் புள்ள இல்லக்கா. என் மருமவன்" என்றான்.

பத்து மாதம் சுமந்து பெற்றவளிடம் இப்படிச் சொன்னால் வேறொரு நாளாக இருந்தால் அவனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். நேற்று நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை, ஐயா.

அம்மா